ஓஎஃப்டிஎம்மும் அதை மாற்ற வந்தவையும்

ஆடி மாதத் திருவிழாவுக்குத் தெருவுக்குத் தெரு கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். கொஞ்சம் தள்ளி, வயல் வரப்பில் நின்று கேட்டால் பாட்டு ஓரளவு புரியும். வேகமாகச் சொல்லும் அறிவிப்பு மட்டும் புரியாது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பக்கத்துக் குழாயின் சத்தம் முதலில் வரும், அதைவிட 170 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சத்தம் அரை நொடி கழித்து வரும். ஒரு சொல்லின் மேல் அதற்கு முந்தைய சொல் வந்து விழும்.

செல்போனுக்கு வரும் ரேடியோ அலைக்கும் இதே கதிதான். டவர் ஒன்றே என்றாலும் அலை நேராகவும் வரும், எதிர்க் கட்டடத்தில் பட்டும் வரும், தண்ணீர்த் தொட்டியில் பட்டும் வரும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் ஓடும். ஆக, 300 மீட்டர் சுற்றி வந்த எதிரொலி ஒரு மைக்ரோ நொடி தாமதமாகச் சேரும். மைக்ரோ நொடி எல்லாம் ஒரு தாமதமா என்று தோன்றலாம். 18 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலையில் தகவலை அனுப்பினால் ஒவ்வொரு சிம்பலும் (ஒரு தடவையில் அனுப்பும் தகவல் துண்டு, நம் கதையில் ஒரு சொல்) ஒரு நொடியில் 1.8 கோடியில் ஒரு பங்கு நேரம்தான் நீடிக்கும். அதற்குள் ஒளி போகும் தூரம் 17 மீட்டர். ஒரு மைக்ரோ நொடி எதிரொலி வந்தால் 18 சிம்பல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிவிடும்.

திருவிழா மைக்கில் அனுபவமுள்ளவர் என்ன செய்வார்? நிறுத்தி நிதானமாகப் பேசுவார். ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு எதிரொலி அடங்கக் கொஞ்சம் இடம் விடுவார். ஆனால் இப்படிப் பேசினால் விஷயம் முடிய நேரமாகும். அதற்கும் வழி உண்டு: ஆயிரம் பேரை ஒரே நேரத்தில், ஆளுக்கொரு சுருதியில், எல்லாரையும் நிதானமாகப் பேசவைப்பது. தனித்தனியாக ஒவ்வொருவரும் மெதுவானவர்தான். எல்லாரையும் சேர்த்தால் வேகம் பழையதே. பல கேரியர்களில் பண்பேற்றம் செய்வது, அதாவது தகவலைப் பல அலைகளில் பிரித்து ஏற்றுவது என்ற உத்தியின் சாரம் இவ்வளவுதான். 4ஜி, 5ஜி, வை-ஃபையில் இருக்கும் அதன் வடிவம்தான் தலைப்பில் உள்ள ஓஎஃப்டிஎம் (OFDM). பாடப்புத்தகம் 'ஊர்தி அலை' என்று சொல்வதை இங்கே எல்லாரும் சொல்வதுபோலக் கேரியர் என்றே வைத்துக்கொள்வோம். பெரிய அலைவரிசையை நறுக்கிக் கிடைக்கும் ஒவ்வொரு கீற்றும் ஒரு சப்-கேரியர்.

4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள் 1,200 சப்-கேரியர்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. ஒவ்வொரு சிம்பலும் 66.7 மைக்ரோ நொடி நீடிக்கும். ஒரு மைக்ரோ நொடி எதிரொலி இப்போது பெரிய விஷயமில்லை. நொடிக்கு 14,000 சிம்பல், ஒவ்வொன்றிலும் 1,200 சப்-கேரியர், ஒன்றில் 6 பிட் என்று பெருக்கினால் நொடிக்கு 10 கோடி பிட் வரும். பிழைதிருத்தக் குறியீடு முதலிய கழிவுகள் போக மீதிதான் நம் கைக்கு.

நான்கு எண்களில் ஒரு விளையாட்டு

ஆயிரம் பேர் நெருக்கியடித்துப் பேசினால் ஒருவர் குரல் இன்னொருவர் குரலில் கலக்காதா? வானொலி நிலையங்கள் கலக்காமலிருக்க நடுவில் காலி இடம் விட்டிருப்பார்கள். இங்கே அப்படி விட்டால் பாதி அலைவரிசை வீணாகும். விடாமலேயே பிரிக்க முடியும் என்பதுதான் ஓஎஃப்டிஎம்மின் அழகு. இதைத் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதல் அலையை 1, 0, −1, 0 என்ற நான்கு எண்களாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை ஏறி இறங்குகிறது. இரண்டாவது அலை 1, −1, 1, −1. அதே நேரத்துக்குள் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. முதல் அலையில் 3 என்ற எண்ணையும் இரண்டாவதில் 5 என்ற எண்ணையும் அனுப்ப வேண்டும். முதலாவதை 3-ஆலும் இரண்டாவதை 5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 8, −5, 2, −5. காற்றில் போவது இந்தக் கூட்டுக் கலவைதான்.

வாங்குபவர் எப்படிப் பிரிப்பார்? வந்த எண்களை முதல் அலையோடு இடத்துக்கு இடம் பெருக்கிக் கூட்டுகிறார்: 8 + 0 − 2 + 0, அதாவது 6. முதல் அலையைத் தன்னோடே பெருக்கிக் கூட்டினால் 2 வரும், அதனால் 2-ஆல் வகுக்க, விடை 3. இரண்டாவது அலையோடு அதே மாதிரி செய்தால் 8 + 5 + 2 + 5 = 20. இதற்கு 4-ஆல் வகுக்க, விடை 5. ஒன்றின் சுவடு கூட மற்றதில் இல்லை. இரண்டு அலைகளையும் ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம் வருவதால் கிடைத்த வசதி இது. இதைத்தான் செங்குத்துத் தன்மை என்கிறார்கள்.

இப்போது எதிரொலியைச் சேர்ப்போம். ஒரு எண் இடம் தாமதமாக, பாதி பலத்தோடு ஒரு எதிரொலி வருகிறது. முதல் எண்ணான 8-இன் மேல் என்ன விழும்? முந்தைய சிம்பலின் கடைசி எண். அது 7 என்று வைத்தால் 8 என்பது 11.5 ஆகிவிடும். மீதி மூன்றும் −1, −0.5, −4. இரண்டாவது அலையோடு பெருக்கிக் கூட்டி 4-ஆல் வகுத்தால் 4 வருகிறது. இந்த 4 நாம் அனுப்பிய 5-ஐ மட்டும் பொறுத்ததல்ல. முந்தைய சிம்பலில் 7-க்குப் பதில் வேறு எண் இருந்திருந்தால் இதுவும் மாறியிருக்கும். குப்பை.

இதற்கு ஒரு தந்திரம். அனுப்பும்போதே சிம்பலின் கடைசி எண்ணை நகலெடுத்து முன்னால் ஒட்டிவிடுவது: −5, 8, −5, 2, −5. வாங்குபவர் அந்த முதல் எண்ணைப் பார்க்காமலே தூக்கிப் போடுவார். 8-இன் மேல் விழுவது இப்போது நம் சிம்பலின் சொந்த வால்தான். வந்து சேரும் எண்கள் 5.5, −1, −0.5, −4. இரண்டாவது அலையோடு பெருக்கிக் கூட்டினால் 10, வகுத்தால் 2.5. அனுப்பிய 5-இல் சரியாகப் பாதி. எண் எதுவாக இருந்தாலும் இந்தச் சப்-கேரியரில் எதிரொலியின் விளைவு 'பாதியாக்கு' என்பது மட்டுமே. 0.5-ஆல் வகுத்தால் 5 திரும்பக் கிடைத்துவிடும். முதல் அலை இப்படிச் சுருங்காமல் சற்று நகர்ந்து வரும், அதையும் ஒரே வகுத்தலில் சரிசெய்துவிடலாம்.

முன்னால் ஒட்டும் அந்த வால்தான் சைக்ளிக் ப்ரிஃபிக்ஸ். எதிரொலி எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், அது அந்த வாலின் நீளத்துக்குள் அடங்கினால் போதும், ஒரு சப்-கேரியருக்கு ஒரு வகுத்தலோடு வேலை முடிந்தது. 4ஜியில் வாலின் நீளம் சுமார் 4.7 மைக்ரோ நொடி. 1.4 கிலோமீட்டர் சுற்றி வந்த எதிரொலியைக்கூட அது தாங்கும். ஐரோப்பாவில் டிஜிட்டல் டிவிக்குப் பல டவர்களை ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியை ஒளிபரப்ப விட்டார்கள். நம் திருவிழாக் குழாய்கள் செய்யும் அதே காரியம். இரண்டாவது டவரை டிவிப் பெட்டி ஒரு எதிரொலியாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இந்த யோசனை பழையது. பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங் 1966-இல் அடிப்படையை எழுதினார். 1971-இல் வைன்ஸ்டைனும் ஈபர்ட்டும், ஆயிரம் அலையாக்கிகளை அடுக்காமல் கணக்குப் போட்டே இதைச் செய்யலாம் என்று காட்டினார்கள். அலைகளைக் கூட்டுவதையும் பிரிப்பதையும் வேகமாகச் செய்ய, 1965-இல் கூலியும் டியூக்கியும் வெளியிட்ட எஃப்எஃப்டி என்னும் கணக்கு முறை அதற்குத் தோதாக இருந்தது. வால் ஒட்டும் தந்திரம் 1980-இல் பெலெட், ருயிஸ் இருவரும் சொன்னது. ஆனால் அந்தக் கணக்கை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை போடும் மலிவான சிப் வரும்வரை இது பெரும்பாலும் ஆய்வேடுகளில்தான் இருந்தது. 1999-இல் 802.11ஏ வை-ஃபை தரம் வந்தது. அப்புறம் 4ஜி.

குறைகள்

ஓஎஃப்டிஎம் குறையில்லாததல்ல. முதல் குறை மேலே உள்ள கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. 8, −5, 2, −5 என்ற எண்களின் திறனைப் பாருங்கள்: 64, 25, 4, 25. சராசரி 29.5, உச்சம் 64. இரண்டே அலைக்கு இந்த நிலை. 1,200 அலைகள் தற்செயலாக ஒரே நேரத்தில் உச்சிக்கு வந்தால் திறன் சராசரியைப்போல 1,200 மடங்கு. அது நடக்க வாய்ப்பே இல்லை என்றாலும், பத்து மடங்கைத் தாண்டும் சிம்பல்கள் ஒவ்வொரு நொடியும் நூற்றுக்கணக்கில் வரும். எப்போதோ வரும் அந்த உச்சத்துக்காகப் பவர் ஆம்ப்ளிஃபயரை எப்போதும் அடக்கி ஓட்ட வேண்டும். லோடு ஏற்றாத லாரி டீசல் குடிப்பதுபோல மின்சாரம் வெப்பமாகப் போகும். டவருக்குப் பரவாயில்லை, போன் பேட்டரிக்கு இது அடி.

இரண்டாவது, கசிவு. ஒவ்வொரு சிம்பலும் சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிகிறது. கத்தரித்தது போன்ற அந்த விளிம்பால் அலை தன் எல்லையைத் தாண்டிப் பக்கவாட்டில் சிந்தும். முதல் பக்கச் சிதறல் நடு அலையைவிட 13 டெசிபல்தான் குறைவு, அதாவது இருபதில் ஒரு பங்கு. அதனால்தான் 4ஜி 20 மெகாஹெர்ட்ஸில் 18-ஐ மட்டும் பயன்படுத்தி, ஓரங்களில் 2-ஐக் காலியாக விட்டது.

மூன்றாவது, அந்த வால். 4ஜியில் ஏழு சதவீதம் நேரம் அதில் போகிறது. 802.11ஏ வை-ஃபையில் 4 மைக்ரோ நொடி சிம்பலில் 0.8 வால், ஐந்தில் ஒரு பங்கு! நான்காவது குறை, ஓடும் போனின் வேகம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

போட்டிக்கு வந்தவை

2010-ஐ ஒட்டி 5ஜி பேச்சு தொடங்கியபோது இந்தக் குறைகளைக் காட்டிப் பல புதிய முறைகள் வரிசையில் நின்றன. பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். எல்லாம் 'எதை ஃபில்டர் செய்வது' என்ற ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்.

எஃப்பிஎம்சி ஒவ்வொரு சப்-கேரியரையும் தனித்தனியாக ஃபில்டர் செய்கிறது. விளிம்பு கத்தரித்ததுபோல இல்லாமல் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். கசிவு பிரமாதமாகக் குறையும், வாலும் தேவையில்லை. காகிதத்தில் இதுதான் வெற்றியாளர். ஐரோப்பாவின் ஃபிடியாஸ் திட்டம் இதன்மேல் நிறைய உழைத்தது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை இரண்டு இடத்தில் தெரியும். ஃபிடியாஸின் வழக்கமான ஃபில்டர் நான்கு சிம்பல் நீளத்துக்கு நீளும். ஒரு சென்சார் நான்கைந்து சிம்பலில் ஒரு சின்னச் செய்தியை அனுப்பிவிட்டுத் தூங்கப்போக நினைத்தால், ஃபில்டரின் முன்னும் பின்னும் இழுபடும் நேரமே செய்தியளவுக்கு வந்துவிடும். இன்னொன்று இதைவிடப் பெரிது. பக்கத்துச் சப்-கேரியர்கள் முழுமையாகப் பிரிவதில்லை. நிஜத்தில் ஒரு சப்-கேரியரில் கிடைப்பது மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என இரண்டு பங்குள்ள கலப்பெண். அதன் மெய்ப்பகுதியை மட்டும் எடுத்தால்தான் குறுக்கீடு விலகும், கற்பனைப் பகுதியில் அது அப்படியே இருக்கும். ஒரு ஆண்டெனா இருக்கும்வரை சமாளிக்கலாம். பல ஆண்டெனா வந்தால் தலைவலி.

பல ஆண்டெனாதான் நவீன செல்பேசியின் உயிர்நாடி. அந்த மீமோ உத்தியின் முன்னோடிகளில் ஒருவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தபோது 1998-இல் அவர் தொடங்கிய ஐயோஸ்பான் நிறுவனம் மீமோவையும் ஓஎஃப்டிஎம்மையும் இணைத்துக் காட்டியது. ஏன் இந்த ஜோடி பொருந்தியது? நம் நான்கு எண் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரொலி ஒரு சப்-கேரியரில் ஒரு எண்ணாக ஒடுங்கிவிடுகிறது. நான்கு ஆண்டெனா இருந்தால் அது நாலுக்கு நாலு சின்ன அட்டவணையாக ஒடுங்கும். ஒவ்வொரு சப்-கேரியருக்கும் தனிக் கணக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. என் பார்வையில் ஓஎஃப்டிஎம் தோற்காமல் இருப்பதற்கு இதுதான் முழு முதல் காரணம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

யூஎஃப்எம்சி நடுவழியில் நின்றது. ஒவ்வொரு சப்-கேரியரையும் ஃபில்டர் செய்யாமல் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டுப்போட்டு ஃபில்டர் செய்தது. ஃபில்டர் குட்டையாக இருக்கும், சின்னச் செய்திகளுக்குத் தோதானது. ஆனால் வாங்கும் பக்கத்தில் இருமடங்கு பெரிய எஃப்எஃப்டி கேட்கும். வால் என்ற பாதுகாப்பு இல்லாததால் நீண்ட எதிரொலியில் தடுமாறும். ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜிஎஃப்டிஎம் வேறு வழி: பல சிம்பல்களை ஒரு மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கு ஒரே ஒரு வால். வால் செலவு குறையும். பதிலுக்குச் சப்-கேரியர்களின் செங்குத்துத் தன்மை போய்விடும், மூட்டை முழுவதையும் சேர்த்துப் பிரிக்கும் கனமான கணக்கு வாங்குபவர் தலையில் விழும்.

இந்த இடத்தில் ஒரு கிளைப்பேச்சு. இந்த முறைகளை ஒப்பிடுவது எஞ்சினியரிங் மாணவர்களுக்குப் பிடித்த ப்ராஜெக்ட் தலைப்பு. மேட்லாப் என்ற கணக்கு மென்பொருளில் வெறும் இரைச்சலைச் சேர்த்துப் பிழை விகிதத்தை வரைவார்கள். ஓஎஃப்டிஎம், எஃப்பிஎம்சி, யூஎஃப்எம்சி மூன்று கோடும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும். ப்ரோக்ராமில் தப்பில்லை. வெறும் இரைச்சலில் அவை ஒன்றுபோலத்தான் நடக்கும். வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் எதிரொலியைச் சேர்க்க வேண்டும், நேரம் தப்பிய பக்கத்துப் போனைச் சேர்க்க வேண்டும், உச்சத்தில் அலையின் வடிவத்தைக் கெடுக்கும் ஆம்ப்ளிஃபயரைச் சேர்க்க வேண்டும், இரண்டாவது ஆண்டெனாவைச் சேர்க்க வேண்டும்.

சரி, 5ஜி எதைத் தேர்ந்தது? வாலோடு கூடிய அதே பழைய ஓஎஃப்டிஎம்மை. 2018-இல் முடிந்த, செல்பேசித் தரத்தின் 15-ஆம் வெளியீட்டில், போட்டியாளர்கள் சுட்டிக்காட்டிய குறைகளை ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டுச் சரிசெய்தார்கள். கசிவுக்கு, மொத்த அலைவரிசைக்கும் சேர்த்து ஒரு ஃபில்டரோ, விளிம்பை மழுங்கடிப்பதோ போதும். எப்படிச் செய்கிறீர்கள் என்று தரம் கேட்காது, எல்லைக்கு வெளியே எவ்வளவு சிந்துகிறது என்று மட்டும் பார்க்கும். பலன் எண்ணிலேயே தெரியும்: 100 மெகாஹெர்ட்ஸில் 30 கிலோஹெர்ட்ஸ் வீதம் 3,276 சப்-கேரியர்கள், மொத்தம் 98.28 மெகாஹெர்ட்ஸ். 4ஜியில் பத்து சதவீதமாக இருந்த காலி இடம் இரண்டு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. எஃப்பிஎம்சியின் பெரிய வாக்குறுதியில் பெரும்பகுதி எஃப்பிஎம்சி இல்லாமலே நிறைவேறிவிட்டது, பாவம்.

உச்சப் பிரச்சினைக்கான ஒட்டு 4ஜியிலேயே வந்துவிட்டது. போனிலிருந்து டவருக்குப் போகும் வழியில் எண்களை நேரடியாகச் சப்-கேரியரில் வைக்காமல், முதலில் ஒரு சின்ன ஃபூரியே கணக்கில் (எஃப்எஃப்டி போடுவது இந்தக் கணக்கைத்தான்) கலக்கிவிட்டு வைப்பார்கள். வெளியே வரும் அலை ஒற்றைக் கேரியர் போலவே நடந்துகொள்ளும், உச்சம் 2–3 டெசிபல் குறையும். 3 டெசிபல் என்றால் பாதி. டிஎஃப்டி-எஸ்-ஓஎஃப்டிஎம் என்று பெயர். 5ஜியில் இரண்டும் உண்டு: டவருக்குப் பக்கத்தில் சாதாரண ஓஎஃப்டிஎம், எல்லையில் தடுமாறும் போனுக்கு இது. இந்தியாவுக்கு இதில் தனி அக்கறை இருந்தது. கிராமங்களில் டவருக்கும் டவருக்கும் 6 கிலோமீட்டர் இருக்கும் நிலையையும் 5ஜி சோதனையில் சேர்க்க வேண்டும் என்று இந்தியா கேட்டுப் பெற்றது. 5ஜிஐ என்று பெயர் வைத்த இந்தியத் தரத்தில், ஐஐடி ஹைதராபாத்தும் சென்னை ஐஐடியும் பங்களிக்க, இதே முறையின் உச்சத்தை இன்னும் தட்டையாக்கும் உத்தி முன்வைக்கப்பட்டது.

ஓடும் வண்டி

பிரசார ஆட்டோ நம்மைக் கடந்து போகும்போது ஸ்பீக்கரின் சுருதி சட்டென்று இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அது டாப்ளர் விளைவு. ஓடும் போனுக்கும் அலையின் சுருதி மாறும். நெருக்கமாக நிற்கும் ஆயிரம் சுருதிகளில் இந்த நகர்வு செங்குத்துத் தன்மையைக் குலைக்கும். மணிக்கு 160 கிலோமீட்டரில் போகும் ரயிலில், 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜியில், நகர்வு சுமார் 520 ஹெர்ட்ஸ். சப்-கேரியர் இடைவெளி 30 கிலோஹெர்ட்ஸ் என்பதால் இரண்டு சதவீதம்கூட இல்லை. 900 கிலோமீட்டர் வேக விமானத்தில் அது பத்து சதவீதத்தைத் தொடும், அங்கே வலிக்கத் தொடங்கும். 5ஜியில் இடைவெளியை 15, 30, 60, 120 என்று கூட்டிக்கொள்ளும் வசதி இதற்கும் உதவுகிறது. இடைவெளி கூடினால் சிம்பல் குறுகும், வாலும் குறுகும், அதனால் நீண்ட எதிரொலியைத் தாங்காது. எல்லாம் கொடுக்கல் வாங்கல்தான்.

ஓடிஎஃப்எஸ் என்ற புதிய முறை இங்கேதான் நுழைகிறது. கணிதவியலாளர் ரோனி ஹதானி, கோஹியர் நிறுவனத்தின் சக ஆய்வாளர்களோடு 2017-இல் முன்வைத்தது. நேரம், சுருதி என்று பார்க்காமல், 'எவ்வளவு தாமதம், எவ்வளவு வேகம்' என்ற கட்டத்தில் எண்களை வைக்கிறது. அந்தக் கட்டத்தில் சுற்றுப்புறம் எளிமையாகிவிடும்: இந்தக் கட்டடம் இவ்வளவு தாமதம், அந்தப் பேருந்து இவ்வளவு வேகம். நாலைந்து புள்ளிகள், அவையும் மெதுவாகத்தான் இடம் மாறும். ஒவ்வொரு எண்ணும் நேரம், சுருதி இரண்டிலும் பரவிப் போவதால் ஒரு மூலையில் சிக்னல் விழுந்தாலும் எண் பிழைக்கும். பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் ஐஐடி டெல்லியிலும் இதில் முக்கியமான வேலை நடக்கிறது. எனக்கு இந்தக் கூட்டத்தில் மிகவும் பிடித்த யோசனை இதுதான். ஆனால் பல சிம்பல்கள் சேர்ந்த ஒரு சட்டகம் முழுவதும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும், ஒரு எண்ணுக்கு ஒரு வகுத்தல் என்ற சொகுசும் கிடையாது.

தாழப் பறக்கும் செயற்கைக்கோளில் இதற்கு வாய்ப்பு கிடைத்திருக்கலாம். 600 கிலோமீட்டர் உயரத்தில் அது நொடிக்கு 7.5 கிலோமீட்டர் ஓடுகிறது. 2 கிகாஹெர்ட்ஸில் சுருதி நகர்வு 48 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், 15 கிலோஹெர்ட்ஸ் சப்-கேரியர்கள் மூன்றைத் தாண்டிக் குதிப்பதற்குச் சமம். இருந்தும், 5ஜியின் 17-ஆம் வெளியீடு செயற்கைக்கோள் இணைப்பைச் சேர்த்தபோது அலையின் வடிவத்தை மாற்றவில்லை. போன் தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் பார்க்கும், செயற்கைக்கோள் போகும் பாதையை அதுவே அறிவிக்கும், இரண்டையும் வைத்து நகர்வைக் கணக்கிட்டு அந்த அளவுக்குச் சுருதியை எதிர்ப்பக்கம் நகர்த்திப் போன் அனுப்பும். மேலே போவது அதே ஓஎஃப்டிஎம்தான், இன்னும் ஒரு ஒட்டோடு.